பெட்டிப் பக்கம்

வரைபடம் பாதி உள்ளே போயிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பாதி என்றால் சரிபாதி. நவரஞ்சனி அரங்கின் கிழக்குப் பாதி அந்தப் பெரிய ஜெராக்ஸ் மெஷினின் வாய்க்குள் இருந்தது, மேற்குப் பாதி தாயுமானவனின் இரண்டு கைகளிலும் இருந்தது. "இழுத்துராதீங்க சார், கிழிஞ்சிரும். கரண்ட் வந்துச்சுன்னா அதுவே மிச்சத்த இழுத்துக்கும்" என்றாள் கடைக்கார ரெஜினா. எப்போது வரும் என்று கேட்டதற்கு, "நேத்து இருபது நிமிசம், முந்தாநாளு ஒண்ணேகால் மணி நேரம். இன்னிக்கு என்ன வச்சிருக்கானோ. ஸ்டூலு இருக்கு, உக்காருங்க" என்றாள். ஸ்டூலை மெஷின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு, தொங்கும் தாளை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தூங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்திருக்கும். பேட்டரிக் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. நாலரைக்கு அமலோற்பவம் டீச்சர் வருவார். எழுபத்தொரு வயதில் ஒரு ஆளுக்கு ஐம்பது நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. மூன்று வாரம் முன்பு பென்ஷனர் சங்கத்தில் விலாசம் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றாரே அந்த டீச்சர், கையில் ஒரு பழைய விசாரணைத் தாளின் நகல், அதில் 'வரைவாளர் தாயுமானவன்' என்ற இடத்தில் பச்சை மையில் ஒரு கோடு. "எங்கப்பா அங்க முப்பது வருசம் படுதா இழுத்தாரு சார். கொட்டகைய இடிச்சு, லாரி ஷெட்டாக்கி, இப்ப கார் நிறுத்துறாங்க. அவரு நின்ன எடம் எதுன்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு படம் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். செருப்பை மாட்டும்போது, குனிந்தபடியே இன்னொன்று கேட்டார். "எங்கப்பா தப்பான செவுத்தத்தான் காட்டினாரா சார்? நீங்க பக்கத்துல இருந்தீங்களே." படத்தைப் போட்டு முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னது இந்த வாய்தான். இதோ படம் முடிந்துவிட்டது.

படத்தில் ஒரு குறையும் கிடையாது, அதை எவன் வந்து அளந்தாலும் சரி. எண்பத்துநாலு அடி நீளம், நாற்பத்தாறு அகலம். அலுவலகக் கோப்பைக் கரையான் தின்றாலும் அவருடைய அளவு நோட்டு பீரோவில் நாற்பத்தைந்து வருடமாகப் பத்திரமாக இருந்தது, ஏன் பத்திரமாக இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. சுருட்டு வியாபாரி மாசிலாமணி முதலியார் ரங்கூனுக்குச் சரக்கு ஏற்றப் போன இடத்தில் ஒரு கதம்பக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி, சோறு இறங்காமல் கிடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் பாலக்கரைப் பக்கம் தோல்கிடங்குத் தெருவில் கட்டியது. பர்மாத் தேக்கில் கூரைச் சட்டம், அதன்மேல் மங்களூர் ஓடு, ஓட்டின் முதுகில் சூடு வெளியேற ஒரு சின்னக் கூரை. பன்னிரண்டு வார்ப்பிரும்புத் தூண், ஒவ்வொன்றின் தலையிலும் கவிழ்ந்த வாழைப்பூ. லாட வடிவத்தில் மாடி. பெண்களுக்குத் தனித் தெருவாசல், தனிப் படிக்கட்டு, மேலே மூங்கில் தட்டி, தட்டியில் யாரோ விரல்விட்டு விரல்விட்டு அகலமாக்கிய ஓட்டைகள். மேடை முகப்பில் சுண்ணாம்பில் இரண்டு மயில், நடுவில் ஒரு கடிகாரம், அதில் முள் வெறும் பெயிண்ட், எந்நேரமும் ஆறு மணி, ஆட்டம் தொடங்கும் நேரம். மேடைப் பலகைக்கு அடியில் குழி தோண்டி வாய் மேலே பார்த்தபடி பதினாறு பெரிய பானைகள், பாட்டு கணீரென்று கேட்பதற்கு. அவர் அளக்கப் போனபோது அதில் ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. ஒரே சாயங்காலத்தில் ஒரு மந்திரவாதி, வண்டிச் சக்கரத்தைப் பல்லால் தூக்கும் பயில்வான், பொம்மைப் பீரங்கி இழுக்கும் கிளிகள், பத்து நிமிடம் பயாஸ்கோப், கடைசியில் அரை நாடகம். அவர் ஒன்றையும் பார்த்ததில்லை. அப்பா விடமாட்டார். கொட்டகைக்குப் போகிறவன் குடும்பத்துக்கு ஆகமாட்டான் என்பது வீட்டுச் சட்டம். பார்த்திருந்தால், ஒரே ஒருநாள் டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தால், அந்த ஜனங்கள் எதற்கு என்ன பெயர் சொல்லுவார்கள் என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால், என்று ஆரம்பிக்கிற இடத்தில் மனசு எப்போதும் வழுக்கும், வழுக்கி மறுபடி அளவுக்குப் போய்விடும். கிழக்குச் சுவரில் நாலு பாக்ஸ், வெல்வெட் நாற்காலி போட்டு, துரைகளுக்கும் ஜமீன்தார்களுக்கும். மேற்கில் பாக்ஸ் கிடையாது. பக்கத்துத் தோல் கிடங்குக்காரர் இரண்டடி நிலம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அந்தச் சுவர் கிடங்கின் எல்லையிலேயே ஒட்டி எழும்பியது. அதனால் மொத்த அரங்கும் ஒரு காதில் மட்டும் தோடு போட்ட பொம்பளை மாதிரி இருக்கும். இந்த ஒற்றைத் தோட்டை இப்போது மெஷின் விழுங்கி வைத்திருக்கிறது, மடியில் கிடப்பது மற்ற காது. அங்கே மேடை ஓரத்தில் சின்னதாக ஒரு செவ்வகம், அதன் நெஞ்சில் அவருடைய மணிமணியான கையெழுத்தில் 'ஆர்மோனியம்'. அந்த வார்த்தையைப் போட நேற்று ஒரு மணி நேரம் ஆயிற்று. போட வேண்டிய வார்த்தை அது இல்லை.

ரெஜினா ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே, "என்ன சார் இது, கல்யாண மண்டபமா?" என்றாள். "கொட்டகைம்மா. இப்ப இல்ல." "இல்லாத கொட்டகைக்கு எதுக்கு சார் பிளானு? அப்ரூவல் வாங்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். அப்ரூவல்தான் அம்மா, அப்ரூவல்தான். இருபத்தாறு வயதில் அவருக்குத் தமிழ்மேல் ஒரு பித்து. கட்டட ஆய்வுப் பிரிவில் எல்லா அறிக்கையும் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் மற்றவர்கள் முனகினார்கள், இவர் துள்ளினார். பால்கனிக்கு மேல்மாடம், கிரீன் ரூமுக்கு ஒப்பனை அறை, பாக்ஸுக்குப் பெட்டி இருக்கை. அளக்கப் போவதற்கு முதல் நாள் சாயங்காலமே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு, மைகூடக் காயாமல் ஊதினார். மறுநாள் காலை அந்த மெலிந்த மனுஷர் சந்தியாகு, டீச்சரின் அப்பா, மனுப்போட்டதே அவர்தான், தோளில் துண்டோடு வாசலில் காத்திருந்து, கும்பிட்டு, சொன்னார். "ஐயா, பெட்டிப் பக்கம் செவுரு உப்பிக்கிட்டு வருது. மழைக்கு முன்னாடி முட்டுக் குடுத்துருங்க." பெட்டிப் பக்கம். நோட்டில் முந்தின நாள் தானே பெற்றுப் போட்ட வார்த்தை, ஒரு படுதாக்காரர் வாயிலிருந்து வந்ததும் அவருக்கு என்ன பெருமை, பார்த்தாயா, ஜனங்களும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று. கொட்டகைக்காரர்களுக்குப் பெட்டி என்றால் ஆர்மோனியம். வலம் இடம் என்பதெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. மேடைக்கு மேற்கே பெட்டிப் பக்கம், கிழக்கே மேளப் பக்கம். துரைகள் உட்காரும் இடத்தை அவர்கள் பாக்ஸு என்று சுத்தமான இங்கிலீஷில்தான் சொல்வார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போயிற்று. 'பெட்டிப் பக்கச் சுவரில் உப்பல்' என்று எழுதினார். மேலதிகாரி படித்தார், பாக்ஸ் இருக்கும் கிழக்குச் சுவருக்கு நாற்பது சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கச் சொன்னார். மலை மாதிரி நின்ற சுவருக்கு முட்டு. ஒரு வார்த்தையில் வந்த பிசகு, யாருக்கும் வரும். இதைத்தான் அவர் நாற்பத்தைந்து வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார், குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மகன் கல்யாணத்தில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது. சந்தனம். அங்கே போகாதே. கரண்ட் வந்தால் தேவலை. வராமலிருந்தாலும் தேவலை.

போன் அடித்தது. வீட்டிலிருந்து மங்கையர்க்கரசி. "ஏங்க, இங்க கரண்ட் போயி மாவு பாதியில நிக்கிது. அங்க?" "இங்கயும்தான்." "அப்ப லேட்டாகுமா? வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க, வாடுனதா பாத்து வாங்கிறாதீங்க. என்ன குரலு ஒரு மாதிரி இருக்கு?" "புழுக்கம்." வைத்துவிட்டார். போகாதே என்றால் நிற்கிற மனசா அது. மங்கை பேத்திக்கு நூறு தடவை சொன்ன கதை ஒன்று உண்டு. உங்க தாத்தா என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப தெருமுனையிலயே சந்தன சோப்பு வாசன வந்துருச்சுடி, எங்கப்பா அப்பவே முடிவு பண்ணிட்டாரு, இவ்வளவு சுத்தமான பையன்னு. வீடே சிரிக்கும், அவரும் சிரிப்பார். அது எந்த நாள்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஜூன் பதினாலு, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, தென்னூர். கொட்டகையை அளந்த அதே நாள். மேற்குச் சுவரின் வெளி முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தோல் கிடங்குக்குள் போக வேண்டும். சுண்ணாம்புத் தொட்டிகள், ஊறும் தோல், அந்தத் தண்ணீர் அறுபது வருடமாகச் சுவரின் காலை நக்கிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டட ஆளுக்கும் முதலில் சந்தேகம் வரவேண்டிய சுவர் அது. அவருக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கிடங்கின் கேட் வரை போனார். காலையிலேயே குளித்து, புதுச்சட்டை போட்டு, அம்மா விபூதி இட்டு அனுப்பியிருந்தாள். சாயங்காலம் அப்படியே போய்விடுடா, மாப்பிள்ளைக் களை போய்விடக் கூடாது என்று. கேட்டுக்குள் இருந்து அந்த நாற்றம் வந்து சட்டையைத் தொட்டது, திரும்பிவிட்டார். நாற்றத்துக்காக மட்டும்தானா? உள்ளே வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவர் வழிகாட்டக் கையை நீட்டியபடி வந்தார், பிடித்துக் கூட்டிப் போய்விடுவாரோ என்று இவர் இரண்டடி பின்னால் வைத்தார். வைத்தார்தானே. சைவ வீட்டுப் பிள்ளை, சைவ வீட்டில் பெண் எடுக்கப் போகிறவன். வழியில் சோப்பு வாங்கி, லாட்ஜில் அரை மணி நேரம் ரூம் எடுத்து மறுபடி குளித்தார். அந்த வாசனையைத்தான் பேத்தி வரை கொண்டாடுகிறார்கள். அது பாதகமில்லை, போகவில்லை, சோம்பல், இளவயது, அவ்வளவுதான். சந்தியாகு சொன்ன வார்த்தை தெளிவாக இருந்திருந்தால் போயிருப்பார். வார்த்தைதான் குழப்பிவிட்டது. மறுபடி வார்த்தைக்கே வந்துவிட்டார். செக்கு மாடு போல எங்கே சுற்றினாலும் இந்த இடம்தான், இங்கே வந்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

பதினேழு நாள் கழித்து விழுந்தது. ஞாயிறு மதியம், பிள்ளைகளுக்கான மேஜிக் ஆட்டம், இடைவேளை, பிள்ளைகளெல்லாம் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அது ஒன்றுதான் கடவுள் செய்தது. முந்தின ராத்திரி முதல் மழை. மேற்குச் சுவர் மேடைமேல் சாய்ந்தது. இடைவேளையில் எழுந்துபோகாமல் துருத்தியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாணிக்கவேலு என்கிற ஆர்மோனியக்காரர் ஒருவர் அடியில். ஓடிப்போய் நின்ற கூட்டத்தில் தாயுமானவனும் நின்றார். மேளக்காரர் புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பெட்டி போச்சே, பெட்டிக்காரரு போயிட்டாரே." அப்போதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தது. ஆகவே விசாரணை நடந்தபோது அவருக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியூர் நாடகக்காரர்கள் போய்விட்டார்கள், பெட்டி என்றால் எது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை, முதலாளி வாயே திறக்கவில்லை. அதிகாரி சந்தியாகுவைக் கேட்டார். "எந்தச் செவுருன்னு சொன்ன?" "பெட்டிப் பக்கம்னுதான்யா சொன்னேன். சத்தியமா பெட்டிப் பக்கம்னுதான்." "அதத்தானய்யா இதுலயும் எழுதியிருக்கு" என்று அதிகாரி தாளைத் தட்டினார். மனுஷர் சொன்ன உண்மையே அவர் கழுத்தில் விழுந்தது. தப்பான சுவரைக் காட்டி ஒரு உயிரைக் கொன்றவன் என்று பெயர். அதற்கப்புறம் எந்தக் கொட்டகையிலும் படுதாக் கயிற்றைத் தொட விடவில்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்கினாராம், டீச்சர் சொன்னார். இதுவரைக்கும் கதை சரி. வார்த்தை, அர்த்தம், பிசகு. இதோடு கரண்ட் வந்துவிடலாம். ஆனால் இந்த இடத்தில் ஒரு கை இருக்கிறது. ஐயோ, அந்தக் கை. இத்தனை வருடமாகக் கதையை அந்தக் கைக்கு ஒரு வரி முன்னாலேயே நிறுத்தி நிறுத்தி வைத்தார். காலையில் வாசலில் நின்று பெட்டிப் பக்கம் என்று சொன்ன சந்தியாகு, சொல்லும்போதே கையை நீட்டினார். மேற்கே. கிடங்குப் பக்கம். துண்டு தோளிலிருந்து நழுவ, அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையை முழு நீளத்துக்கு நீட்டினார். தாயுமானவன் பார்த்தார். பார்த்து, அங்கே போக வேண்டியிருக்குமே என்று நினைத்து, வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டார். வார்த்தை கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். விசாரணையில் அதுவும் வந்தது. "கையக் காட்டுனேன்யா, இந்தா இப்பிடி" என்று சந்தியாகு அந்த அறையிலேயே மறுபடி நீட்டினார். அதிகாரி திரும்பி, "காட்டினானா?" என்றார். அறையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள். "ஞாபகமில்ல சார்." மூன்று நொடி. சந்தியாகு கோபப்படவில்லை. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"சார்" என்று குரல் கேட்டதும் தாள் மடியில் சரசரத்தது. அமலோற்பவம் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். நாலே கால்தான் ஆகியிருந்தது. "சீக்கிரமே வந்துட்டேன். வீட்ல இருப்புக்கொள்ளல." ரெஜினா இன்னொரு ஸ்டூலைத் தள்ளினாள். டீச்சர் உட்காராமல், அவர் மடிமேல் குனிந்து, கண்ணாடியை ஏற்றி, மேற்குப் பாதியை ஊரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். படுதாக் கயிறு கட்டும் முளைகள் படத்தில் வட்டம் வட்டமாக இருந்தன, அதில் விரலை வைத்து, "இங்கயா நிப்பாரு?" என்றார். "இங்கதான்." விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு நகர்ந்து செவ்வகத்துக்கு வந்தது. "ஆர்மோனியமா? அப்பா கையெட்டற தூரத்துலதான் மாணிக்கவேலு மாமா இருந்திருக்காரு." விரலை எடுத்துக்கொண்டார். "சாகுற வரைக்கும் ஒண்ணுதான் சார் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பெட்டிப் பக்கம், பெட்டிப் பக்கம்னு. கடைசி ரெண்டு நாளு வேற பேச்சே இல்ல. எங்களுக்கு ஒண்ணும் புரியல. தப்பா சொன்னத நெனச்சு மருகுறாருன்னு எங்கண்ணன், விடுப்பா, செஞ்சது செஞ்சாச்சு, மன்னிப்புக் கேட்டுக்கன்னு பங்குச் சாமியாரக் கூட்டிட்டு வந்தான்." தாயுமானவனின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் படம் நன்றாக இருக்கிறது சார் என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார், கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், மாவு அரைந்திருக்கும். பயமாக இருந்தது. போலீசுக்கு இல்லை, பென்ஷனுக்கு இல்லை, மங்கை அடுத்த தடவை அந்த வாசனைக் கதையைச் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று பயம். கை பேனாவை எடுத்தது. 'ஆர்மோனியம்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, அதன் மேலே எழுதினார். நாற்பது வருடத்து மணிக் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பெட்டி.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற, மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, அவர் மடியிலிருந்து மேற்குச் சுவரை மெல்ல இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபக்கம் நகல் இறங்கி மேசையில் விரிந்தது, முழு அரங்கும், இரண்டு பக்கமும். டீச்சர் குனிந்தார். மேற்கே பெட்டி. கிழக்கே நாலு கட்டம், பாக்ஸ். ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்தார். மேசை அகலத்துக்குக் கைகள் விரிந்து நின்றன. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், வெகுநேரம் எடுக்கவில்லை.

"கொட்டகையில ஆர்மோனியத்துக்கா பெட்டின்னு பேரு?"

"ஆமாம்மா. நான் பாக்ஸுன்னு எடுத்துக்கிட்டேன்."

"அப்ப அப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு. உங்களுக்குப் புரியாமப் போச்சு. அவ்வளவுதானா சார்?"

அவ்வளவுதான் என்று சொல்ல டீச்சரே வழி போட்டுக் கொடுத்தார். ரெஜினா காலண்டர் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இல்லம்மா. கையும் காட்டினாரு. மேக்க, கிடங்குப் பக்கம். நான் பாத்தேன். பாத்துட்டு, ஞாபகமில்லன்னு சொன்னேன்."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. திட்டவில்லை. திட்டினால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து மேசைமேல் அவர் பக்கமாக வைத்தார். "இப்ப சொன்னத அந்த ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க." எழுதினார். இரண்டு வரி, தேதி, கையெழுத்து, அதன் கீழே பழைய வழக்கத்தில் 'வரைவாளர்' என்றும் போட்டார். டீச்சர் அதை மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டு, தாளை ரெஜினாவிடம் நீட்டினார்.

"அஞ்சு காப்பி போடும்மா. நாங்க அஞ்சு பேரு. அஞ்சு பேருமே அவர நம்பல."